ராட்டினக்காரர் நிமிர்ந்து நின்ற வழக்கு

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. சொல் என்ன, ஒரு காற்புள்ளிகூடப் பொய் கிடையாது. சில இடங்களில் நடந்ததைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறது. முழுசாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்ற பயம்தான் காரணம். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம். யாரும் எழுந்திருக்கவில்லையா? சரி, கேளுங்கள்.

ஊருக்கு வெளியே, பெரிய சாலை திரும்பும் இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கான கேளிக்கைப் பூங்கா ஒன்று. அதில் தேனீ ராட்டினம் என்று ஒன்று. பன்னிரண்டு பெரிய தேனீக்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இருக்கை, இருக்கைக்கு ஒரு வார். மணி அடித்ததும் தேனீக்கள் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி, ஏழு சுற்று சுற்றிவிட்டு இறங்கும். வேகத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரு தடவை நிஜத் தேனீ ஒன்று கூடவே பறந்து பார்த்து, பொறுமை இழந்து, முந்திக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு குடும்பப் பாங்கான ராட்டினம்.

அதை இயக்கியவரை எல்லாரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி மூன்று அங்குலம். அதில் முக்கால்வாசி கால். பதினோரு வருஷமாகப் பச்சைப் பொத்தானை அமுக்கி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, நடுவில் வாரை இழுத்துப் பார்த்து, அழுகிற பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பக்கத்திலேயே, வருகிற பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்கான சிட்டுக்குருவி இல்லம். அங்கே அறைகளைப் பார்த்துக்கொண்டவர் கொக்கின் மனைவி. அந்த அம்மாளின் கண் கணவரின் சட்டைப்பைக்கு நேராக வரும். பையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் இளம் வருகையாளர் நலன் மற்றும் உபசரிப்பு மேம்பாட்டு வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி கேள்வித்தாளோடு வந்தார். நாற்பது பிள்ளைகளை நிறுத்தி, "இந்த வளாகத்தில் தாங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் யாவை?" என்று கேட்டார். முப்பத்தொன்பது பிள்ளைகள் ஓடிவிட்டன. நாற்பதாவது பெண்ணுக்கு ஐந்து வயது. கையில் ஐஸ்கிரீம், ஓடினால் கீழே விழும். அதனால் நின்று பதில் சொன்னாள்:

"பெரியவங்க எல்லாம் மேலேர்ந்தே பேசுறாங்க. கழுத்து வலிக்குது."

இந்தக் கூற்று மூன்று குழுக்களின் ஆழ்ந்த பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டது. முதல் குழு, கழுத்து வலி இருப்பதை உறுதி செய்தது. இரண்டாவது குழு, பிள்ளைகளின் கழுத்தில் குறை இல்லை என்று கண்டது. மூன்றாவது குழு, அப்படியென்றால் குறை பெரியவர்களின் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. அதில் நாற்பது பக்கம், குழுவினர் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்ட நன்றி.

அறிக்கையைத் தொடர்ந்து சுற்றறிக்கை. வளாகத்துக்குள் எந்த வளர்ந்தவரின் கண்ணும் தரையிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது.

முதலில் சிட்டுக்குருவி இல்லத்தில் வேலை ஆரம்பித்தது. கதவுகளைப் பாதியாக அறுத்து, வாசலின் மேல்பாதியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். கட்டில்களின் காலை வெட்டினார்கள். குளியலறை ஷவர் முட்டி உயரத்துக்கு இறங்கியது; தகப்பன்மார்கள் படுத்துக்கொண்டு குளித்தார்கள். கண்ணாடிகள் இறங்கியதில், காலையில் அவரவர் தொப்பையைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. சொல்லுவதாவது? 'சம உயர வாழ்வு' என்று பத்திரிகைகளில் படத்தோடு வந்துவிட்டது. வசதியானவர்கள் பிள்ளை இல்லாமலேயே வந்து அறை எடுத்துத் தவழ்ந்தார்கள். சட்டைக்கு ஏற்ற நிறத்தில் முட்டி உறை விற்பனைக்கு வந்தது. "மூணு வாரமா தவழுறேன். மனசுல ஒரு அமைதி" என்று ஒரு அம்மாள் பேட்டி கொடுத்தார். அந்தப் படத்தில் அவர் முகத்தில் அமைதி இருந்தது உண்மை. முட்டியை யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்தது கொக்கு. பூங்கா மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"யோவ் கொக்கு, உன் கண்ணு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?"

"தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

அளந்தார்கள். நூற்று எழுபத்தெட்டு.

"அம்பத்தெட்டு அதிகமா இருக்கே. குறைச்சுக்க முடியாதா?"

"எதை சார்?"

"உயரத்தைத்தான்."

"பதினெட்டு வயசுலேயே நின்னுபோச்சு சார். மேலயும் போகாது, கீழயும் வராது."

"எட்டு மணி நேரம் குனிஞ்சு நிக்கிறது?"

"முதுகு ஒடிஞ்சுபோயிரும் சார்."

மேலாளர் கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்த்தார். "இந்தா பாரு, உன்னை எடுத்துட்டு ஒரு குட்டையான ஆளைப் போடச் சொல்லித்தான் மேலேர்ந்து எழுதியிருக்காங்க. எனக்கு மனசு வரலை. சுற்றறிக்கையில 'தரையிலிருந்து'ன்னுதானே இருக்கு? நீ நிக்கிற இடத்தைப் பள்ளம் பண்ணிட்டா?"

அப்படியாகத் தேனீ ராட்டினத்தைச் சுற்றி அறுபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் குழி வெட்டப்பட்டது. கொக்கு அதற்குள் இறங்கி வேலை பார்த்தார். பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "குழி மாமா" என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி குழி ஓரத்தில் மண்டியிட்டு டப்பாவைத் திறந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இருவர் முகமும் ஒரே மட்டத்தில்.

"இப்பத்தாங்க உங்க மூஞ்சிய சரியாப் பார்க்கிறேன்" என்றார்.

"எப்படி இருக்கு?"

"மேலேயே இருந்திருக்கலாம்."

மழை வந்தது. குழி நிரம்பியது. தண்ணீரை இறைக்க இயந்திரம் வேண்டும் என்று கொக்கு எழுதிக்கொடுத்தார். வாரியத்திலிருந்து ஒன்பதாம் நாள் பதில்: தண்ணீர் நிரம்பிய பள்ளம் நீச்சல் குளம் என்ற வகைப்பாட்டில் வருகிறது, ஆகவே அதில் இறங்கும் பணியாளர் மிதவை அணிவது கட்டாயம். கடிதத்தோடு மிதவையும் வந்திருந்தது. சிறுவர் பூங்காவுக்கு ஏற்றபடி, மஞ்சள் நிற வாத்து. அன்று முதல் கொக்கு இடுப்பில் வாத்தோடு, முட்டியளவு தண்ணீரில், ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தேனீக்கள் உச்சியில் இருக்கும்போது இயந்திரம் டக்கென்று நின்றுபோனது. ஒன்பது பிள்ளைகள் மேலே. சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான், எதற்கும் அசையவில்லை. ஐந்தாவது தேனீயில் ஒரு சின்னப் பெண். பயத்தில் வாரை எப்படியோ அவிழ்த்துக்கொண்டு ஒரு காலை வெளியே போட்டுவிட்டாள்.

"மாமா, நான் குதிக்கட்டுமா?"

"வேணாம்டா கண்ணு. அப்படியே தேனீயோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ."

ஏணி பூட்டிய அறைக்குள் இருந்தது. ஏறினால் கண் நூற்றிருபதைத் தாண்டும் என்பதால் வாரியமே பூட்டி முத்திரை வைத்த ஏணி. மேலாளர் தொலைபேசியில் வாரியத்தைப் பிடித்தார். அவர்கள் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொன்னார்கள். சுற்றிலும் பெற்றோர் கூட்டம், நாற்பது ஐம்பது பேர் இருக்கும். அத்தனை பேரும் கலர் கலராக முட்டி உறை போட்டு மண்டியிட்டபடி அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார்கள். எழுந்து நிற்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பழக்கம்.

பெண்ணின் இரண்டாவது காலும் வெளியே வந்தது.

கொக்கு குழியிலிருந்து கரையேறினார். முதுகில் எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. முழுசாக நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். அந்தப் பெண் பழுத்த பழம் மாதிரி அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மற்ற எட்டையும் வரிசையாகப் பறித்து இறக்கினார். எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிஷம்.

மண்டியிட்டிருந்த ஒரு தகப்பனார் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "என்ன மனுஷன்யா, பிள்ளைங்க எதிர்ல இப்படியா நிக்கிறது?"

மறுநாள் கொக்கின் கையில் குற்றப்பத்திரிகை. மேற்படி பணியாளர் பொதுமக்கள் முன்னிலையில், வளரிளம் மனங்களைப் பாதிக்கும் வண்ணம், அரசு வழங்கிய வாத்தை அணிந்த நிலையிலேயே, பதினோரு நிமிடங்கள் நிமிர்ந்து நின்றார். வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது?

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சாப்பிடவில்லை.

"நாப்பத்தாறு வயசுல வேற எங்க போறது?" என்றார் கொக்கு. "என் உயரத்தைப் பார்த்தா ஒட்டடை அடிக்கத்தான் கூப்பிடுவாங்க."

"உங்களை யாரு நிமிரச் சொன்னது?"

"நீ அங்க இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

மனைவி அடுப்பை அணைத்தார். "உங்க தோள்மேல ஏறியிருப்பேன்" என்றார். அப்புறம், "இந்தாங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அவங்களுக்கு ஒரு பதில்தான் வேணும். நல்ல பதிலா இருக்கணும்னு கிடையாது. நான் ஒண்ணு சொல்லித் தரேன்."

விசாரணை சிட்டுக்குருவி இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அலமாரிகள், குளிர்சாதனப் பெட்டிகள், அதிகாரிகள் ஆகியவை வருவதற்கென்று அங்கே முழு உயரப் பின்வாசல் ஒன்று உண்டு. வாரிய இயக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் அதன் வழியாக வந்து, உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பணியிலிருக்கும் அதிகாரியின் உயரம் பதவிக்குச் சொந்தமானது, உடம்புக்கு அல்ல என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம் இருக்கிறது. கொக்கு முன்வாசல் வழியாக வந்தார். பாதி அறுத்த கதவு அல்லவா? மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, கையூன்றி, மெல்ல மெல்ல உள்ளே வந்தார்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிமிர்ந்தீரா?"

"குழந்தை விழப் பார்த்துச்சு ஐயா."

"அது தனிக் கோப்பு. இது நிமிர்ந்த கோப்பு. நிமிர்ந்தீரா, இல்லையா?"

ஐந்தாவது தேனீப் பெண்ணின் தாயார் சாட்சியாக வந்திருந்தார். கண் கலங்கியது. "என் பொண்ணு உசுரோட இருக்கான்னா இவராலதான். அந்த நன்றி என்னைக்கும் இருக்கும்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா அதைக் குனிஞ்சே பண்ணியிருக்கலாம்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். உறுப்பினர் ஒருவர் படிவப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. வேலைநீக்க உத்தரவுக்கான படிவம். கொக்கு, மனைவி சொல்லிக்கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தார்.

"ஐயா, நான் நிமிரவே இல்லை. நான் எப்பவும் இருக்கிற உயரத்துலதான் இருந்தேன். என் காலுக்குக் கீழே இருந்த தரைதான் அறுபது சென்டிமீட்டர் மேல வந்துருச்சு."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தரை யாருடைய பொறுப்பு?" என்றார் இயக்குநர்.

"பொதுப்பணித் துறை சார்" என்றார் உறுப்பினர்களில் ஒருவர்.

"நம்ம வாரியம் இல்லையே?"

"இல்லை சார்."

"ரொம்ப நல்லது." இயக்குநரின் முகம் மலர்ந்தது. "கோப்பை அங்க அனுப்பிடுங்க. இவர் வேலையில தொடரலாம். எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

நாற்காலி கிடையாது. கொக்கு தரையில் தாளை வைத்து, முழங்காலில் நின்றபடி, தான் நிமிரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பித்தது. வந்த வழியே தவழ்ந்து வெளியே போனார். இயக்குநர் அதையும் கடைசிவரை பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"முப்பது வருஷமா எத்தனையோ பேர் மனு கொண்டுவந்திருக்காங்க. இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் உள்ள வந்ததில்லை. யாருய்யா அந்தக் கதவைச் செஞ்சது?"

ஆறு மாதத்தில் சம உயர வாழ்வு பழசாகிவிட்டது. பத்திரிகைகள் இப்போது பின்னோக்கி நடப்பதைப் பற்றி எழுதுகின்றன. பூங்காவில் குழியை மூடிவிட்டார்கள், இல்லத்துக் கதவுகளைப் பழையபடி உயர்த்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கிறதா என்று யாரும் திரும்பக் கேட்கவில்லை. கொக்கு அதே ராட்டினத்தில்தான் இருக்கிறார், கொஞ்சம் கூன் விழுந்து. "நிமிருங்களேன், இப்ப யாரும் கேக்கமாட்டாங்க" என்று மனைவி சொன்னால், "எழுதிக் கொடுத்திருக்கேனே" என்கிறார்.

அறுத்தெடுத்த பாதிக் கதவுகள் வீணாகவில்லை. வாரியத்தின் வாசலில் முதல் கதவு மாட்டப்பட்டது. அதைப் பார்த்து வரி அலுவலகம், நிலப் பதிவு அலுவலகம், குடிநீர் அலுவலகம், மின்சார அலுவலகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டன. எங்கேயும் எதிர்ப்பு இல்லை. மக்கள் வீட்டில் கிடந்த முட்டி உறைகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். சிலர் புதிதாகவே வாங்கினார்கள். போன செவ்வாய்க்கிழமை குடிநீர் அலுவலகத்தில் பார்த்தபோது வரிசை தெருமுனைவரை மண்டியிட்டிருந்தது. முன்னால் இருந்தவர் பின்னால் இருந்தவரிடம், பச்சை நிற உறை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மறுக்காதீர்கள். அந்தப் பச்சை உறை உங்களுடையதுதான். நானும் உங்களுக்கு நாலு பேர் பின்னால்தான் இருந்தேன்.

அதனால் ஒரு சின்ன உதவி. இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் பேருந்தில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் மனு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இன்னொரு தடவை தவழ எனக்கு முட்டி இல்லை.