லென்ஸ் ஆடுகிறது, சகலை

கரகண்டாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் அருமைச் சகலை ஒராஸ்கலி அவர்களுக்கு, ஷு ஸ்டேஷனிலிருந்து, தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்ற கொய்பாகர் எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டு மனிதர்களும் ஆடுமாடுகளும் சுகமா? ஐந்தாம் மாடியில் உங்களுக்கு ஆடுமாடு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்காமல் நம் ஆட்கள் பேச்சைத் தொடங்குவதில்லை, ஆகையால் அந்தச் சாம்பல் பூனையையாவது விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசாமல் கடை விலாசத்துக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் உங்கள் வீட்டில் குல்பர்ஷின் எடுப்பாள். அவளிடம் சொன்னது தேநீர் ஆறுவதற்குள் அவள் அக்காவிடம், அதாவது என் மனைவி ஷார்பானிடம், வந்து சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நீங்கள் அன்போடு கொடுத்த கேமராவில் லென்ஸ் ஆடுகிறது. கழன்று விழுகிற ஆட்டம் இல்லை. பிடித்துத் திருகினால் இடமும் வலமும் ஒரு மயிரிழை நகர்ந்து ‘லொடக்’ என்கிறது. இது சாதாரணமா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும். முப்பத்தொரு வருஷம் தண்டவாள இடைவெளியை அளந்தவன் நான். கோடையில் இரும்பு நீளுவதற்கு இடம் விட்டுத்தான் பூட்டுவோம், விடாவிட்டால் பாதையே நெளிந்துவிடும். அதனால் முதல் நாள் ‘சாதாரணம்’ என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் தீர்ப்பைச் சரிபார்க்கத் திருகினேன், லொடக். மூன்றாம் நாளிலிருந்து தேநீருக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, தூக்கம் வராவிட்டால் இன்னொரு முறை. ஆட்டம் கூடியிருக்கிறதா, என் பயம் கூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. ஷார்பான் இதைக் கவனித்துவிட்டு, “கடையில யாரும் வாங்காம கெடந்தத என் தங்கச்சி புருஷன் உங்க தலையில கட்டிட்டாரு” என்றாள். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, உலகத்தில் எல்லா லென்ஸும் ஆடும் என்று சத்தியம் செய்தேன். அப்படியானால் பார்த்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு தோக்முராத்தின் கேமராவை வாங்கிவந்து அவளே திருகினாள். அது ஆடவில்லை. அன்று முதல் இந்த வீட்டில் உங்கள் பெயரைச் சொன்னால் எனக்குச் சூப்பில் இறைச்சி குறைகிறது.

சும்மா இருக்கும்போது ஆடினால் நான் இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை பேத்தி இங்காருக்கு, நடை பழகும் குழந்தையின் காலில் கட்டிய கயிற்றை அறுத்து ஓடவிடும் சடங்கு. மகளும் பேத்தியும் எங்களோடு இருக்க, மருமகன் மெய்ராம்பெக் காஸ்பியன் கரையில் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறான், இருபத்தெட்டு நாள் முறை முடியாமல் அவனால் கிளம்ப முடியாது. போன தடவை வந்தபோது குழந்தை அவன் முகம் மறந்து, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அவன் பாவம், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தான். இப்போது போன் செய்து, “மாமா, அவ ஓடுறத ஒரே ஒரு படம். நல்லா எடுத்து அனுப்புங்க, படுக்கை பக்கத்துல மாட்டிக்கிறேன்” என்கிறான். கயிறு ஒரு தடவைதான் அறுபடும். அந்த நேரம் பார்த்து லென்ஸ் காலை வாரிவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. இனி ஞாயிறு.

சகலை, நடந்ததைக் கேளுங்கள். கயிறு அறுக்கச் சம்பந்தியம்மா ரவ்ஷானைக் கூப்பிட்டிருந்தோம். அறுப்பவரின் நடை குழந்தைக்கு வரும் என்பதால் சுறுசுறுப்பான ஆள் வேண்டும், ஆகவே என்னை யாரும் கேட்கவில்லை. விருந்துக்கு வந்தவர்களிடம் ஷார்பான் லென்ஸ் விஷயத்தை அவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான், விருந்தில் மூத்தவர் முன் வைக்கும் ஆட்டுத்தலைக்குச் செய்யும் மரியாதையெல்லாம் கேமராவுக்கு நடந்தது. மூத்தவரிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லோரும் திருகினார்கள். தோக்முராத் பசை போடச் சொன்னார், ஒருவர் நூல் சுற்றச் சொன்னார், ரவ்ஷான் அம்மா மட்டும், “எனக்கு முட்டியே லொடக்குங்குது, நான் நடக்கலியா?” என்றார். கறி ஆறிப்போனது. கடைசியில் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரமாக மண்டியிட்டேன். தலைகளுக்கு மேல் மிட்டாய் வீசினார்கள், இங்கார் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், ரவ்ஷான் அம்மா குனிந்து கயிற்றை அறுத்தார்.

குழந்தை நகரவில்லை. என் மகள் மொல்திர் துணியின் அந்தக் கோடியில் கையை நீட்டிக் கூப்பிடுகிறாள், தோக்முராத் குதிரை மாதிரி கனைக்கிறார், நாற்பது பேர் கை தட்டுகிறார்கள், இங்கார் மிட்டாயை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பொறுமை போனால் என் கை என்ன செய்யும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. திருகினேன். லொடக்.

இங்கார் சட்டென்று திரும்பினாள். ஒரு வாரமாக வீட்டில் இந்தச் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்து லென்ஸைப் பிடுங்கப் பார்ப்பாள், நானும் விரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, நேரே ஓடிவந்தாள். தவழவில்லை சகலை, ஓடினாள், ஒன்பது அடி. நான் அழுத்திய அடுத்த கணம் லென்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

படம் எப்படி வந்திருக்கிறது தெரியுமா? அறுந்த கயிறு கணுக்காலில் தொங்குகிறது, நாலு பல்லும் தெரிகிறது, கண் நேராகப் பார்ப்பவர் கண்ணுக்குள் வருகிறது. மெய்ராம்பெக்குக்கு அனுப்பினேன். போன் செய்தான், படத்தில் தெரியும் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு, “மாமா, அவ என்கிட்டதான ஓடிவர்றா?” என்றான். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அழுதுவிட்டேன். ஷார்பானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என் தங்கச்சி புருஷன் பாத்துதான் குடுத்திருக்காரு” என்றாள். ராத்திரி சூப்பில் இறைச்சி பழையபடி வந்தது.

ஆகையால் மேலே கேட்ட கேள்வியை அடித்துவிடுங்கள். சாதாரணமோ இல்லையோ, இந்த ஆட்டம் இப்படியே இருக்கட்டும். சரி செய்கிறேன் என்று நீங்களே கருவிப்பெட்டியோடு வந்தாலும் வாசலில் நிறுத்தித் தேநீர் மட்டும்தான் தருவேன். உங்கள் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டியும் விருந்தாளியும் குறையாதிருக்கட்டும், குல்பர்ஷின் நீண்ட நாள் சிரித்துக்கொண்டிருக்கட்டும், பூனைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சகலை கொய்பாகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஆசைக்கு ஒரு முறை திருகினேன். ஆடவில்லை. இங்கார் மிட்டாய்க் கையோடு பிடித்தாள் அல்லவா, பாகு இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டது போலிருக்கிறது. கல்லாக நிற்கிறது, கழற்றவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மெய்ராம்பெக் வருகிறான். இங்கார் இந்தத் தடவை கட்டிலுக்கடியில் போகாதிருக்க, அவன் கையில் கேமராவைக் கொடுத்து, வாசலில் நின்றபடியே திருகச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு லென்ஸ் கொஞ்சம்கூட ஆடாமல் இருப்பது சாதாரணமா? கடிதமெல்லாம் வேண்டாம், கருவிப்பெட்டியோடு வியாழக்கிழமை ரயிலில் ஏறிவிடுங்கள்.