துஷாந்தினி சுடுகிற மலை

பதுளை,
புரட்டாசிக் கடைசி வெள்ளி.

அன்புள்ள தம்பி கிருஷ்ணராஜுக்கு,

அக்கா விஜயலெட்சுமி எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் மகள் துஷாந்தினியும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். கட்டார் வெயிலில் நீ கருகிவிடாமல் இருக்க தினமும் விளக்கு வைக்கிறேன். கடைக்கார மொஹிதீன் நானாவின் மகன் ஹிஷாம் அங்கே வருகிறார். இந்தக் கடிதத்தையும் மாரியம்மன் கோயில் துன்னூறுப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். போன்ல மக பேச்சை எடுத்தாலே "லைன் சரியில்ல அக்கா"ன்னு வச்சிருவ. கடுதாசிய அப்புடி வைக்க முடியாது பாரு, அதான்.

விஷயம் என்னன்னா, உன் மக செய்யுற வேலைய நீதான் நிறுத்தணும். வெளிநாட்டுல யாரோ சண்டை விளையாட்டு ஒன்னு செய்யிறாங்களாம். அதுக்கு, விமானத்துக்கு அடியில தொங்குற மிசைல் ஒன்ன இவ கம்ப்யூட்டருல செஞ்சு குடுக்குறா. மூக்குல கண்ணாடி, வால்ல ரெக்கை, ஒடம்புல ஆணி கூட ஒன்னொன்னா வைக்கிறா. ஒருத்தர் லேசர் வெளிச்சம் காட்டுற எடத்துல போய் விழுமாம். விழுற வரைக்கும் வெளிச்சத்த எடுக்கக் கூடாதாம், எடுத்தா வழி தவறிப் போயிருமாம். எனக்கு எதுக்குடி இதெல்லாம்னு கேட்டா, "அத்தை, நீங்கதானே கேட்டீங்க"ங்குறா.

ஆயுத பூசை அன்னைக்குத்தான் வம்பெல்லாம் வந்துச்சு. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, அருவாமனை எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். "ஒன் ஆயுதம் எங்கடி"ன்னேன். திரையில அந்த மிசைலக் காட்டுனா. சந்தனம் கொழைச்சு அதுக்கும் ஒன்னு வச்சேன். அவ திருப்புனா, மிசைல் திரும்பிருச்சு, பொட்டு அங்கேயே நிக்குது. சரின்னு எலுமிச்சம்பழம் வெட்டிப் பிழிஞ்சேன். சாறெல்லாம் கம்ப்யூட்டர் பட்டனுக்குள்ள போயிருச்சு. அந்த நேரம் பாத்து பசறையிலேருந்து பொண்ணு பாக்க வந்துட்டாங்க. நல்ல நாளுன்னு நான்தான் வரச் சொல்லியிருந்தேன், அவகிட்ட சொல்லல. மாப்பிள்ளைக்கு அம்மா திரையப் பாத்து "இது என்னங்க?"ன்னாங்க. "முருகப் பெருமான் வேல் மாதிரிதாங்க, கொஞ்சம் தடிப்பா இருக்கும்"னு வாய் கூசாம சொன்னேன். சொல்லி முடிக்கல, சாறு பட்ட பட்டன் அமுங்குனபடியே நின்னுக்கிட்டு, வேலு கெளம்பிருச்சு. ஒன்னு இல்ல, ஒன்னு பின்னால ஒன்னு. டமார் டமார்னு, வெளிச்சம் விழுந்துக்கிட்டிருந்த ஒரு மலையப் போய் அடிக்குது. மாப்பிள்ளைக்கு மாமா தேத்தண்ணிய மடியில ஊத்திக்கிட்டாரு. "பொண்ணுக்குக் கோவம் கூடவாங்க?"ன்னு கேட்டுட்டு அந்தம்மா செருப்பைத் தேடுனவங்கதான்.

அவங்க போனதும் வாய்க்கு வந்தபடி ஏசுனேன். அவ எலுமிச்சங்கொட்டைய ஒன்னொன்னா பட்டனுக்குள்ளேருந்து எடுத்துக்கிட்டிருந்தா. அப்பதான் அந்தத் திரைய ஒழுங்காப் பாத்தேன். மலைக்குக் கீழ வரிசை வீடா ஒரு லயம். குழாயடி. மாரியம்மன் கோயில். நீங்க குடியிருந்த ஆறாம் காம்பரா கொடியில அவ அம்மா செல்வமணியோட ஊதாச் சேல. தம்பி, அது நம்ம தோட்டத்து மேக்கணக்கு, மிசைல சோதிச்சுப் பாக்க அவளே செஞ்சு வச்சிருக்கா. மண்சரிவுக்கு முந்துன நாள் எப்புடி நின்னுச்சோ அப்புடியே. ஆறாம் காம்பராக் கதவு மட்டும் கலர் இல்லாம வெள்ளையா நின்னுச்சு.

"அம்மா இருக்குற எடத்தையாடி சுடுற?"ன்னு அலறிட்டேன்.

"இல்ல அத்தை. மேல இருக்குற மலையத்தான் சுடுறேன். அது சரியிறதுக்கு முன்னாடி."

செல்வமணிய மண்ணு மூடி பதினொரு வருஷம். அன்னைக்கு பள்ளிக்கூடம் போனதால பொழச்ச புள்ள. நீ கருமாதி முடிச்சு கட்டாருக்குக் கெளம்புனவன். அவ மொகம் செல்வமணி மாதிரி இருக்குன்னு நீ அவகிட்ட பேசுறதில்ல, அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தன் மேல கோவம்னு நெனைக்கிறா. அவ மலையத் தூளாக்குறா, மறுபடி மலை அங்கயே வந்து நிக்குது, மறுபடி சுடுறா. இந்தப் புள்ள எப்பத்தான் வாழுறது? இந்த வேலை வேணாம்னு தகப்பன் நீ சொன்னா கேப்பா. கண்டிச்சு ஒரு வரி எழுது.

துன்னூற நெத்தி நெறையப் பூசிக்க. மாரியாத்தா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அக்கா,
விஜயலெட்சுமி

பி.கு: மேல எழுதுனத மறந்துரு, கண்டிக்க வேணாம். நேத்து அவ சுட, நான் வெளிச்சம் பிடிச்சேன். வெளிச்சம் விலகி ரெண்டு தடவ வழி தவறிருச்சு. மூணாந்தடவ எடுக்காமப் பிடிச்சிருந்தேன். மலை தூளாப் போச்சு, லயத்துல ஒரு தகரம் கூட ஆடல. இது பாவமான்னு பூசாரிக்கிட்ட நான் கேக்கப் போறதில்ல. இப்ப எங்க சண்டையெல்லாம் அந்த வெள்ளக் கதவுக்கு என்ன கலருன்னுதான். நான் பச்சைங்குறேன், அவ நீலங்குறா. அந்த வருஷத் தீவாளிக்கு அதுக்குப் பெயிண்ட் அடிச்சவன் நீ. போன் பண்ணிச் சொல்லு. என் போனை அவகிட்ட குடுத்துட்டேன், எப்ப எடுத்தாலும் அவதான் பேசுவா.