சம்மாட்டியாரும் சும்மா தடிமனும்

மன்னார்த் தீவில் தும்மிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், சந்தேகச் சம்மாட்டியாரின் காதுக்கு எட்டாத தூரத்தில் தும்மியவர்கள் மட்டும்தான். அரசாங்கக் கந்தோர் வேலைக்காகக் கீரிக் கிராமத்தில் நான் வாடகைக்கு இருந்த அறை அவருடைய வீட்டோடு ஒட்டியது. யுத்த காலம். கடலுக்குப் போகத் தடை. தன் மீன்பிடி வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மனுஷன் ஊராரின் மூக்குகளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

எனக்குத் தடிமன் பிடித்தால் கதிரையில் இருத்தி விசாரணை நடக்கும்.

"மூக்கு ஓடுதோ? தொண்டை கரகரக்குதோ?"

"ஓம். வெறும் தடிமன்தான், சம்மாட்டியார்."

"அது தடிமன் சொல்லுற கதை. நெஞ்சு நோகுதோ? மூச்சு வாங்குதோ? காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வந்ததோ?"

இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு மல்லித் தண்ணி தந்து அனுப்புவார். ஆனாலும் விடிய வந்து ஜன்னலடியில் நின்று என் மூச்சை ஒட்டுக்கேட்பார்.

ஒரு மாரியில் அவருக்கே தடிமன் பிடித்தது. சுகமாகி எழும்பி நடந்தவருக்கு, திடீரென்று நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. இருமும்போது நெஞ்சைப் பொத்திக்கொண்டார். பேச்சை முடிக்க மூச்சுப் போதவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார் மனைவி மேரியக்கா.

"சும்மா தடிமன். வழியில நிக்கிற ஆமியை நம்பேலாது. டொக்டரையும் நம்பேலாது."

"ஊராரைக் கடைசியாக் கேக்கிற மூண்டு கேள்விக்கும் இப்ப நீங்கள் பதில் சொல்லுங்கோ."

சம்மாட்டியார் யோசித்தார். மூன்றுக்கும் ஓம்.

"ஓட்டோவைக் கூப்பிடு," என்றார்.

காவலரணில் ஒரு சிங்களச் சிப்பாய், ஓட்டோவுக்குள் அவர் மூடியிருந்த போர்வையைச் சந்தேகமாகத் தூக்கிப் பார்த்தான். உள்ளேயிருந்து சம்மாட்டியார் அவனை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார். சிப்பாய் தும்மினான்.

"எத்தினை நாளாய்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"ரெண்டு நாள், ஐயா," என்றான் அவன் அரைகுறைத் தமிழில்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை, ஐயா."

"அப்ப பயமில்லை. சுடுதண்ணி குடி."

சிப்பாய் தலையாட்டிவிட்டுத் தடையைத் திறந்தான்.

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "நியூமோனியா. பிந்தியிருந்தால் கஷ்டம்," என்று உடனே வாட்டில் சேர்த்தார்.

நான் பார்க்கப் போனபோது நன்றாக மெலிந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது.

"இவ்வளவு தூரம் என்னத்துக்கு வந்தனீ?" என்று கண்ணைச் சுருக்கிக் கேட்டார்.

"சந்தைக்கு வந்தனான், அப்படியே எட்டிப் பாத்தனான்," என்றேன். உங்களைக் காணாமல் இருக்க முடியவில்லை என்றால் மனுஷன் நம்பியிருக்கமாட்டார்.