காயு அங்கிளும் மரக்கம்பெனி முதலாளியம்மாவும்

இந்த நாட்டில் நடுவர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது புலம்பினால், வேறு காரணம் தேட வேண்டாம். ஒரே காரணம் எங்கள் பண்டமாரான் ஊர் காயு அங்கிள். அவர் தொண்டையிலிருந்து புறப்படும் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு, விசிலைக் கழற்றி வைத்து நாசி லெமாக் சோறு விற்கப் போன நடுவர்கள் உண்டு என்று எங்கள் அடுக்குமாடியில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

மலாயில் காயு என்றால் மரம், கட்டை. நடுவர் கண்ணிருந்தும் கட்டையாக நின்றால் எழுந்து நின்று "ரெஃப்ரி காயு!" என்று கத்துவது நம் திடல்களில் இன, மத பேதமில்லாத பழக்கம். மற்றவர்கள் அதைத் திடலோடு விட்டுவிடுவார்கள். அங்கிள் விடவில்லை. சிவப்பு விளக்கு கொஞ்சம் அதிக நேரம் எரிந்தால் காயு. கல்யாண மண்டபத்தில் பாயசம் தன் வரிசைக்கு வருமுன் தீர்ந்துபோனால் காயு. ஒருமுறை பல் வைத்தியர் நல்ல பல்லைத் தட்டி "இதுவா?" என்று கேட்டார். வாய்க்குள் கருவி இருந்ததால் அங்கிளுக்கு "ஆயூ!" என்றுதான் வந்தது. வைத்தியருக்குப் புரிந்துவிட்டது. அவரும் நம்ம ஊர்க்காரர்தானே.

அங்கிள் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அங்கிளுக்கு என்னைவிடக் கூச்சம் குறைவு. பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து என் பெயரை மறந்துவிட்டு "டிகிரி" என்றே கூப்பிட ஆரம்பித்தார், அதுவும் மூன்றாம் மாடியிலிருந்து, கார் நிறுத்துமிடத்தில் நிற்கிற என்னைப் பார்த்து. பாசாரில் மீன் விற்கிறவர்கூட "டிகிரிக்கு என்னா மீன் வேணும்?" என்று கேட்கும் நிலை வந்தது.

எங்கள் காற்பந்துக் குழுவின் சின்னம் நண்டு. கடலோர ஊர், அதனால் நண்டு என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார்கள். பந்தை முன்னால் கொண்டுபோகவே மாட்டார்கள். இடது பக்கம் ஓடுவார்கள், வலது பக்கம் ஓடுவார்கள், களைத்துப்போய் எதிரியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் அது எங்கள் நண்டு.

அப்போது குழுவின் முதலாளி ஒரு டத்தோ, அதாவது அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். அவர் விஐபி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பயிற்சியாளருக்குப் போன் போடுவார். ஒரு முக்கியமான ஆட்டத்தில் அப்படித்தான் போன் போட்டு, நன்றாக ஆடிக்கொண்டிருந்தவனை வெளியேற்றித் தன் மருமகனை இறக்கச் சொன்னார். மருமகனுக்கு முன்னால் அவன் தொப்பை திடலுக்குள் வந்தது. அங்கிள் எழுந்தார். வழக்கமாக நடுவர் பக்கம் திரும்பும் முகம் அன்று விஐபி பக்கம் திரும்பியது.

"டத்தோ காயூ!"

திடலே அடங்கிப் போனது. பந்தும் நின்றுவிட்டது என்று சொல்வேன், ஆனால் எங்கள் ஆட்களிடம் இருந்ததால் அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

அடுத்த ஆட்டத்துக்குப் போனால் எல்லா வாசலிலும் அங்கிளின் படம், உள்ளே விடக்கூடாது என்ற உத்தரவுடன். கத்தும்போது எடுத்த படம் என்பதால் வாய் மட்டும்தான் தெரிந்தது. வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா பாவம், சந்தேகப்பட்டவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் அசரவில்லை. லோரித் தலையை மதிலோரம் நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி நின்று பார்க்க ஆரம்பித்தார். அங்கிருந்து பாதித் திடல்தான் தெரியும். மறுபாதியை ஸ்கோர்போர்டு மறைத்தது. மறைந்த பாதிக்கு நான்தான் கண். உள்ளே உட்கார்ந்து போனில் சொல்ல வேண்டும்.

"டிகிரி, என்னா சத்தம்?"

"அவங்க கோல் போட்டுட்டாங்க அங்கிள்."

"ஆஃப்சைடு!"

"நீங்க பாக்கவே இல்லையே?"

"பாக்கணுமா லா? அவனுங்க அடிச்சாலே ஆஃப்சைடுதான்."

சரோஜா ஆன்டி, அதாவது அவர் மனைவி, இதைத் தடுக்கவே இல்லை. "அந்த மனுசன் லோரி மேலயே நிக்கட்டும்மா. வீட்டுல இருந்தா ரசத்தப் பாத்து காயுங்கறாரு" என்றார்.

ஒரு நாள் பேய் மழை. இடி வேறு. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் வெளியே ஓடிவந்து, "இறங்குங்க அங்கிள், இரும்பு மேல நிக்கிறீங்க!" என்று கத்தினேன். அவர் ஸ்கோர்போர்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து, தலையைத் துண்டால் துடைத்தபடி, அவருக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் சொன்னார்: "உள்ள உக்காந்து ரெண்டு பக்க கோலையும் ஒண்ணா பாக்கணும் டிகிரி. வேற ஒண்ணும் வேணாம்."

நண்டு விவகாரம் அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆட்ட நாளில் நண்டு வேடம் போட்டுத் திடலைச் சுற்றி வருகிறவருக்குக் காய்ச்சல் என்று எப்படியோ மோப்பம் பிடித்தார் அங்கிள். அன்று எங்கள் நண்டுக்கு என்றுமில்லாத உற்சாகம். கொடுக்கை ஆட்டியது, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டது, விஐபி மேடைக்கு முன்னால் வந்து டத்தோவுக்கே வணக்கம் வைத்தது. எழுபது நிமிடம் வரை எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்போது நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார்.

நண்டு அதுவரை வாய் பேசி யாரும் கேட்டதில்லை.

"காயூ!"

ஜாகா துரத்த, நண்டு ஓடியது. நேராக ஓடியிருந்தால் தப்பியிருக்கும். வேடத்துக்குள் கால் சிக்கி, பக்கவாட்டில்தான் ஓட முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் ரசிகர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் செய்தி வந்து விழுந்தது: "நண்ட வித்தாச்சு!" யாரோ தூக்கக் கலக்கத்தில் "கிலோ என்னா வெல?" என்று கேட்டார். விற்றது காற்பந்துக் குழுவை என்று புரிந்ததும் ஒரே அமளி. டத்தோ போகிறார் என்று பாதிப் பேர் பட்டாசுப் படம் போட்டார்கள். வாங்கியது யார் என்று தெரிந்ததும் பட்டாசு நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் சரவாக்கிலிருந்து ஒரு மரக்கம்பெனி. குழுவை அங்கேயே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் ஒருவர். நண்டை எடுத்துவிட்டு அந்த ஊர்ச் சின்னமான இருவாச்சிப் பறவையை வைப்பார்கள் என்றார் இன்னொருவர். கடைசியாகப் புது ஜெர்சியின் படம் வந்தது. நெஞ்சில் கம்பெனி பெயரின் முதல் சொல், கொட்டை எழுத்தில்: KAYU.

மேல்மாடியில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அங்கிள் எங்கள் வாசலில் நின்றார்.

"டிகிரி, நம்ம ஆளுங்க நெஞ்சுலயே எழுதிட்டானுங்களா?"

"அது மரக்கம்பெனி பேரு அங்கிள்."

"அதெல்லாம் எதிர் டீம்காரனுக்குப் புரியுமா? சிரிச்சே சாவானுங்க." பிறகு எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "சிரிச்சிட்டுப் போறானுங்க. இங்கயே இருந்தா போதும். சரவாக்குக்குப் போயிட்டா நான் என்னா பண்றது? கடல் மேல லோரி ஓட்ட முடியுமா?"

புது முதலாளி ரசிகர்களைப் பார்க்க விரும்புவதாக அழைப்பு வந்தது. "நீதான படிச்ச பொண்ணு, நீ பேசு" என்று சங்கத்தார் என்னை முன்னால் தள்ளினார்கள். அங்கிளுக்கு அலுவலகத்துக்குள்ளும் தடை. லோரியிலேயே வந்து வெளியே நின்றார். "எனக்காக ஒண்ணும் கேக்காத. நண்டு இங்க இருக்குமான்னு மட்டும் கேளு" என்றார். பிறகு கூப்பிட்டு, "நேரம் இருந்தா கேளு" என்றார்.

முதலாளி ஓர் அம்மாள். சீனர். கோட்டு சூட்டோடு யாரோ வருவார்கள் என்று நினைத்தோம். ரப்பர் செருப்போடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "யார் செத்துப்போனது?" என்று மலாயில் கேட்டார். நான் எழுந்து, நண்டு எங்கே போகும் என்று கேட்டேன்.

"எங்கேயும் போகாது. குழு இங்கேதான் இருக்கும். எனக்கு நண்டு பிடிக்கும்." கொஞ்சம் யோசித்து, "சாப்பிடவும் பிடிக்கும்" என்றார்.

அந்த அறையில் அன்று வெளியான பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. எனக்குப் பின்னால் ஒருவர் அழுதேவிட்டார்.

அடுத்து அங்கிளின் தடையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஜாகா லோரியை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். முதலில் ஹாரன் கேட்டது. பிறகு சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"காயூ!"

அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "யார் அது, என் கம்பெனியைக் கூப்பிடுவது?"

எத்தனையோ தேர்வு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. உங்கள் தீவிர ரசிகர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அங்கிளைப் பொய் சொல்லி உள்ளே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "மேடம், அது உங்கள் கம்பெனி இல்லை, திட்டு" என்று தொடங்கி டத்தோ, லோரிக் கூரை, நண்டு வேடம் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கத்தார் என் முதுகைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மாள் நண்டு ஓடிய இடத்தில் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது திட்டு என்று எனக்குத் தெரியாதா, பெண்ணே? பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரே காயுதான். அப்பா மரம் விற்றாரே. ஆனால் இவ்வளவு சத்தமாக யாரும் என் கம்பெனி பெயரைச் சொன்னதில்லை. அந்தப் படங்களைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். அவரை உள்ளே உட்கார வையுங்கள்."

புது முதலாளியின் முதல் ஆட்டத்துக்கு அங்கிள் முடி வெட்டிக்கொண்டு வந்தார். ஜாகா கை குலுக்கினார். நடுவரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கோலைப் பார்த்தார், வலது கோலைப் பார்த்தார், மறுபடி இடது. ஆட்டம் தொடங்கியது. நடுவர் முதல் தவறைச் செய்தார். திடலே அங்கிளைத் திரும்பிப் பார்த்தது. அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தவறு. அப்போதும் சத்தமில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "அங்கிள், ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல டிகிரி. அது இப்ப அந்தம்மா பேரு. உள்ள விட்டவங்களப் போய் நானே திட்டுன மாதிரி ஆயிடும் லா." தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. பாவமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அதிசயமாக எங்கள் ஆட்கள் பந்தை நேராகக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டார்கள். சுத்தமான கோல். நடுவர் இல்லை என்று கையை ஆட்டினார். அங்கிளின் விரல்கள் நாற்காலியின் விளிம்பை நெரித்தன. அப்போது விஐபி பக்கத்தில் யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது. கையில் ஒரு ரப்பர் செருப்பு.

"ரெஃப்ரி காயூ!" என்று கத்தினார் முதலாளியம்மா.

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அத்தனை காலம் மதிலுக்கு வெளியே நின்ற குரலை எடுத்து விட்டார். நேராக என் காதுக்குள். காது நன்றாகவே வலித்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை.