பக்கத்து வீட்டுக்குப் போன மின்சாரம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று கேட்காமலேயே எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. இங்கே உன் அக்காவும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன தடவை வந்தபோது நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வீட்லயே அடைஞ்சு கிடக்காதக்கா, யுனிவர்சிட்டில முதல் வருஷ வகுப்புல வயசானவங்களையும் சேர்த்துக்கிறாங்க, சும்மா போய் உக்காந்துட்டு வா" என்று கொளுத்திப் போட்டுவிட்டு நீ பாட்டுக்கு ரயிலேறிவிட்டாய். உன் அக்கா எதிலாவது சும்மா உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? ஓவிய வகுப்பு இருந்தது, இசை வகுப்பு இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 'ஆற்றலும் சுற்றுச்சூழலும்: ஓர் அறிமுகம்' என்ற வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். அறிமுகமே இந்தப் பாடு படுத்துகிறதென்றால், நெருங்கிப் பழகினால் என்ன ஆகுமோ!

முதலில் டிவிக்குக் கீழே எரியும் சின்னச் சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தாள். "அணைச்சாலும் இது முழிச்சுக்கிட்டேதாங்க இருக்கு" என்று ப்ளக்கைப் பிடுங்கினாள். அடுத்தது ஃப்ரிட்ஜ். நான் திறந்துகொண்டு நின்றால் போதும், பின்னாலேயே வந்து, "என்ன வேணும்னு மனசுல முடிவு பண்ணிட்டு அப்புறம் கதவைத் திறங்க" என்பாள். என்ன வேண்டும் என்று தெரிந்தால் நான் ஏன் ஃப்ரிட்ஜைத் திறக்கப் போகிறேன்? வெந்நீருக்குத் தடை வந்தது. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். "உள்ள போற சக்தியை எந்த மெஷினும் முழுசா வேலையா திருப்பித் தராதுன்னு இன்னைக்குப் பாடம்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக மைக்கைப் பிடித்து, பெட்டியும் படுக்கையுமாய் நின்ற ஜனத்தையெல்லாம் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொரு நடைமேடைக்கு ஓட வைத்தவன் நான். இன்று என் வீட்டுக் கூடத்தில் ஒரு ஃபேனை ஓட வைக்க எனக்கு அதிகாரமில்லை.

மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்? பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர், தங்கமான மனிதர். அந்த அம்மாவும் உன் அக்கா அளவுக்குக் கறார் இல்லை. எதையும் பரணில் போடவில்லை. பெண்கள் இருவரும் வகுப்புக்குக் கிளம்பியதும் நான் அங்கே போக ஆரம்பித்தேன். "ஒரே ஒரு சட்டை தேய்ச்சுக்கிறேன் டாக்டர்" என்றுதான் தொடங்கியது. பிறகு போனுக்குச் சார்ஜ், பிறகு ஆவி பறக்க ஒரு குளியல், பிறகு ஏசியைப் போட்டுக்கொண்டு முழு மேட்ச். டாக்டரும், "வாங்க வாங்க, ரெண்டு பேரா உக்காந்தா காத்து வீணாகாது" என்று வாசலுக்கே வந்து கூட்டிப் போவார்.

வகுப்பில் எல்லோரும் தங்கள் வீட்டு மீட்டரை வாராவாரம் குறித்துக் கொடுக்க வேண்டுமாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மீட்டர் படுத்துவிட்டது, டாக்டர் வீட்டு மீட்டர் தலைதெறிக்க ஓடுகிறது. பேராசிரியை உன் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தாராம். வருகிற வெள்ளிக்கிழமை மொத்த வகுப்பும் எங்கள் வீட்டுக்கு வருகிறதாம். கைதட்டு வாங்கி வந்த அன்று அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது அவர்களுடைய முதல் பாடமாம். சத்தியமான வார்த்தை. எங்கள் வீட்டுச் சக்தி அழியவே இல்லையப்பா, சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். பக்கத்து வீட்டு அம்மா, மின்சாரம் எங்கே போகிறது என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் டாக்டரின் மீன்தொட்டி முன்னால் போய் நின்றுவிட்டார். அதற்கொரு விளக்கு, காற்று ஊத ஒரு மோட்டார், தண்ணீர் சில்லிட்டுப் போகாமலிருக்க ஒரு ஹீட்டர். "இதுங்கதான் எல்லாத்தையும் குடிக்குதுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள யாருக்காவது கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எந்த மீனுக்குக் கோபம் வரும், எது எதோடு பேசாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "விடுங்க சார், சொன்னா உங்க வீட்ல பிரச்சினை ஆயிடும்" என்றார். சொல்லிவிட்டு மீன்களுக்குத் தீனி போடப் போனார். அன்றைக்கும் நான் ஒரு பேன்ட் தேய்த்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் மனசே சரியில்லை.

உண்மையைச் சொன்னால் ஊர் பார்க்க உன் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் டாக்டரின் மீன்கள் போகும். நேற்று துணிந்து வாயெடுத்தேன். "என்ன?" என்று திரும்பினாள். "பசிக்குது" என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீ வியாழக்கிழமைக்குள் புறப்பட்டு வந்து, அவளைத் தனியாக உட்கார வைத்து, பக்குவமாக எடுத்துச் சொல். நீ ஆரம்பித்ததை நீயே முடித்து வை. நான் அந்த நேரம் காய்கறி வாங்கப் போயிருப்பேன்.

உன் மனைவிக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லா நலமும் பெற்று, எந்த அறிமுக வகுப்பிலும் யாரும் சேராமல், நீங்கள் அமோகமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வியர்வையில் நனைந்த உன் அத்தான்

பின்குறிப்பு: நீ புறப்பட வேண்டாம். கவரை ஒட்ட உன் அக்காவிடம் பசை கேட்கப் போனேன். "தம்பிக்கா எழுதறீங்க? டாக்டர் வீட்டு விஷயத்தையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறவன் முகம் கட்டினவளுக்குத் தெரியாதா என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம், அந்த அம்மாவுக்கும் தெரியுமாம். ஒரு வீட்டில் சிக்கனம் பிடித்தால் அந்த வீட்டு மனிதர் எங்கே போய்ச் செலவழிக்கிறார் என்று, இரண்டு வீட்டு மீட்டரையும் வைத்து இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கைதட்டல் அதற்குத்தான். மீன்கள் எங்கேயும் போகவில்லை. அப்படி மிரட்டினால் நான் வந்து ஒப்புக்கொள்கிறேனா என்று பார்த்தார்களாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை வகுப்பு வருவது வீட்டைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. அவர்கள் முன்னால் நான் என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், எப்பவும் போல இருங்க, அதைப் பார்க்கத்தான் வர்றாங்க" என்றாள்.