மேஜைக்கு அடியில் ஏழாம் வகுப்பு

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருந்தால், இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படிக்கவும்.

உங்கள் மருமகள் குட்டியின் பள்ளியில் இந்த வருஷம் கலப்பு முறை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பறை, இரண்டு நாள் வீட்டில் ஃபோன் வழியாக. வீட்டு நாட்களில் பெற்றோர் அருகில் இருந்து உதவச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. உங்கள் தங்கை ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள். மிச்சம் தையல் மெஷினும் நானும்தான். கேமராவில் தெரியக் கூடாதே என்று துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தேன். முதலில் உதவியாக இருந்தது, பிறகு வெறியாகிவிட்டது, மச்சான். தேர்வில் டீச்சர் கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே கீழேயிருந்து பதிலைக் கிசுகிசுப்பேன். குட்டி மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வாள். ஒருநாள், "யாரும்மா அங்க பேசறது?" என்று டீச்சர் கேட்டுவிட்டார். "தையல் மெஷின் மிஸ்" என்றாள் குட்டி. நான் உடனே கடகடவென்று வாயாலேயே மெஷின் ஓட்டினேன். ஒன்பது மாதமாக இதே பிழைப்பு. கழுத்து திரும்பவில்லை. பின்னக் கணக்கை யோசித்துக்கொண்டே வெட்டியதில், பக்கத்துத் தெரு வக்கீலின் கால்சட்டை ஒரு பக்கம் முழங்காலோடு நின்றுவிட்டது. அவர் இன்னும் வழக்குப் போடாதது அவருடைய பெருந்தன்மை.

நேற்று ஃபோனில் மதிப்பெண் பட்டியல் வந்தது. இரண்டு வரிசை. ஒன்றில் எண்பத்தொன்று, இன்னொன்றில் பதினேழு. சின்னத் திரையில் தலைப்பு தெரியவில்லை. அதைப் பார்த்தா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? நான் துணையிருந்த நாட்களுக்கு எண்பத்தொன்று, பிள்ளை பள்ளியில் தனியாகத் தவித்த நாட்களுக்குப் பதினேழு. கீழே ஒரு வரி: "இந்த வித்தியாசம் பற்றிப் பேச, இருபதாம் தேதி தந்தை நேரில் வரவும்." மாட்டிக்கொண்டேன், மச்சான். குட்டி திருட்டுத்தனம் செய்தாள் என்று வெளியே அனுப்பிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பெற்ற தகப்பனே அவள் படிப்பைக் கெடுத்தேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் நீங்கள். மாட்டிக்கொண்டவன் எதைச் சொன்னால் எதிராளியின் மனம் இளகும் என்று உங்களுக்குத் தெரியாததா? அன்று என்னோடு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் தங்கைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போன்ற துணை யாரும் இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும்.

உங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது குட்டி பார்த்துவிட்டாள். பட்டியலைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். எண்பத்தொன்று பள்ளி நாட்களுக்காம். வீட்டு நாட்களுக்குத்தான் பதினேழு. அந்தப் பதினேழும் ஓவியத்தில் வந்தது. அதில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. "தப்புன்னு தெரிஞ்சுமா நான் சொன்னதை எழுதினே?" என்றேன். "எழுதலன்னா நீங்க வாடிப் போயிடுவீங்களேப்பா" என்றாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம், மச்சான். நானே போய்க்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.