கரியாலூரில் நீ வாங்கிக் கொடுத்த நிலம்

கச்சிராயபாளையம்,
புரட்டாசி, 1987.

அன்புள்ள மைத்துனன் காசிநாதனுக்கு, உன் அக்கா புருஷன் கண்ணாயிரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா அம்சவள்ளியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே சேலத்தில் நீயும் உன் மனைவி செவ்வந்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம் மகள் ராதிகா கல்யாணத்துக்கென்று பாங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. நீதான் வந்து எழுப்பினாய். "வட்டி இன்னா மாமா வட்டி? மலையில நாலு ஏக்கர் போட்டு வைங்க. நெலம் எங்கியாவது ஓடிப்பூடுமா?" என்றாய். ஓடாதுதான். இப்போது மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் கல்யாணம் என்கிறார்கள், நிலம் ஓர் அங்குலம் நகர மாட்டேன் என்கிறது. உன் சிநேகிதன், அந்தப் புரோக்கர் தமிழழகன், டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே மலையைக் கைகாட்டி, "நீலமா தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னால" என்றான். நானும் நீலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விற்றுவிடலாம் என்று போன வாரம் நானும் உன் அக்காவும் கரியாலூருக்கு பஸ் ஏறினோம். இறங்கி நடந்தோம், நடந்தோம், வண்டிப்பாதை போய் ஒற்றையடிப்பாதை, அதுவும் போய் ஓடை, ஓடையைத் தாண்டினால் சுவர் மாதிரி ஒரு சரிவு. அதுதான் நம் நாலு ஏக்கர். அதில் ஆயம்மாள் என்ற அம்மாள் சாமைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். இது என் நிலம் என்றேன்.

"யாருய்யா நீ? எங்க மாமியா காலத்துலேர்ந்து நாங்க ஓட்டிக்கினு இருக்கற கொல்ல இது. யாரு வித்தது உனுக்கு?"

காகிதத்தை நீட்டினேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வாங்கிப் படித்தார். "இது ரிஜிஸ்டரே ஆவல சார். பட்டாவும் இல்ல. இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்றார். நிஜமாகத்தான் கேட்டார்.

திரும்பி வந்தால் பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலாம், கீழே வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். அவர்கள் கேட்பதன் மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கிற கோபமெல்லாம் உனக்கே பத்தவில்லை. வேறு போக்கிடம் ஏது? மறுபடி அந்த ஓடையைத் தாண்டி ஆயம்மாள் வாசலில் போய் நின்றோம். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, கஞ்சி ஊற்றினாள். விடிந்ததும், "சும்மா குந்திக்கினு இருந்தா பொழுது போவுமா? அந்தக் கோடியிலேர்ந்து புடுங்கிக்கினு வா" என்று களைக்கொட்டைக் கையில் கொடுத்தாள். பஸ் ஓடும்வரை என் நிலத்தில் நான் களையெடுத்தேன், காசிநாதா! சாமை எது புல் எது என்று தெரியாமல் ஒரு பாத்தி சாமையைப் பிடுங்கி, அதற்குத் திட்டும் வாங்கினேன். உன் அக்கா மட்டும் ஆயம்மாளோடு வெற்றிலை போட்டுக்கொண்டு, "எங்க தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே புத்தி கம்மி" என்று உண்மையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

நிலம் வாங்குகிறவன் போக வழி உண்டா, பட்டா யார் பேரில், யார் உழுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டாமா? அவசரத்துக்குப் பாங்கியில் பணம் எடுக்கலாம், சரிவில் கால் ஏக்கர் வெட்டியெடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? தமிழழகன் இப்போது டீக்கடைப் பக்கமே வருவதில்லை. ராதிகா சோற்றைத் தட்டில் போடும் சத்தமே மாறிவிட்டது. அடுத்தவன் தலையில் வில்லங்கத்தைக் கட்டுகிறவன் மனுஷனா? இனி என் வூட்டு வாசப்படி மிதிச்சே, நடக்கறதே வேற!

பெரியவன் என்ற முறைக்குச் செவ்வந்திக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். உனக்கு இல்லை.

கண்ணாயிரம்.

பி.கு.: இதை உறையில் போடும்போது உன் மாமனார் பொன்னுரங்கம் வந்தார். மலைக்காற்றில் ஒரு தோட்டம் வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசையாம். அந்த நாலு ஏக்கரை அவருக்கே பேசி முடித்தாகிவிட்டது, ராதிகாவுக்குத் தையிலேயே கல்யாணம். நேரில் பார்க்க வேண்டும் என்றார், அந்த ஏற்றம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது என்று அக்கறையாகத் தடுத்துவிட்டேன். நீ வாயைத் திறக்காதே. கல்யாணத்துக்கு முன்னதாகவே வந்துவிடு.